ஜெட் படகின் வாய்

இன்ஜினைக் கழற்றி இறக்கி வாரமாகியும் அந்தப் படகு இழுப்பதை நிறுத்தவில்லை.

சகாயசெல்விக்கு அது தெரிந்தது ஒரு பூவால்தான். தலையிலிருந்து உதிர்ந்த ஒற்றை மல்லிகை சிமெண்ட் தரையில் விழுந்து, சற்று நின்று, பிறகு மெல்ல உருண்டு உருண்டு படகின் அடிவயிற்றுக்குக் கீழே போய், அங்கிருந்த ஓட்டைக்குள் ஏறிக்கொண்டது. கீழேயிருந்து மேலே! மின்விசிறி ஓடவில்லை. பட்டறைக்குள் காற்று மருந்துக்கும் இல்லை. தகரக் கூரை மட்டும் உச்சி வெயிலில் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது.

"ஏங்க, இங்க பாருங்க. பூவ உள்ள இழுத்துருச்சு."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. ஒனக்குப் பட்டப்பகல்லயே எப்படித்தான் இருட்டுதோ!" என்று சிரித்தான் அவள் புருஷன் சேவியர்.

கடலுக்கும் திண்டுக்கல்லுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது, இங்கே படகுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். வத்தலக்குண்டுப் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கும் ஒருவர் தன் குளத்தில் ஓட்டுவதற்காக எங்கிருந்தோ ஒரு பழைய ஜெட் படகை வாங்கி வந்துவிட்டார். வெளியே விசிறி கிடையாது அதற்கு. அடியிலிருக்கும் வாயால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடித்து ஓடும். குளத்துப் பாசியெல்லாம் வாயில் போய் அடைத்துக்கொள்ள, ஜெட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் தொங்கும் விசிறி மோட்டாரை மாட்டிவிடுவோம், அடி ஓட்டையை ஃபைபர் போட்டு மூடிவிடுவோம் என்று முடிவானது. தண்ணீர்த் தொட்டி, கதவு, சர்ச் சொரூபம் என்று ஃபைபரில் எதையும் செய்து தருகிற சேவியரின் பட்டறைக்குப் படகு வந்தது அப்படித்தான்.

ஜெட்டைக் கழற்றிய அன்று அதன் தண்டில் சுற்றிக் கிடந்ததைச் செல்வி பார்த்தாள். கறுப்பாக, கைநீளத்துக்கு. பாசி என்றான் சேவியர். படகைக் கொண்டுவந்த ரிசார்ட் டிரைவர் நாச்சிமுத்துவும் "பாசிதானுங்க" என்றான், ஆனால் அதைப் பார்க்காமலே சொன்னான். பாசிக்கு யாராவது ஹேர்பின் குத்துவார்களா? ஆனாலும் அந்தச் சனியன் பிடித்த படகு சீக்கிரம் முடிந்து போய்த் தொலைந்தால் போதும் அவளுக்கு. வருகிற ஞாயிறு சர்ச்சில் மகள் ஆனந்திக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் தைத்து வந்துவிட்டது, தலைக்கு வைக்கும் பூமுடி மட்டும் பாக்கி. பள்ளி விட்டதும் கடைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தாள். அம்மா வரும்வரை அந்தப் பிள்ளை பள்ளி வாசலை விட்டு நகராது.

ஓட்டையை உள்ளிருந்துதான் மூட வேண்டும். சேவியரின் தொப்பை எந்தச் சந்துக்குள்ளும் நுழையாது, ஆகவே கல்யாணமான நாளிலிருந்து உள்வேலை செல்விக்கு, வெளிவேலை அவனுக்கு. வெளியே அவன் ஓட்டையின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பிடித்துக்கொள்வான். உள்ளே அவள் ‘மேட்’ எனப்படும் கண்ணாடி நார் விரிப்பை விரித்து, ரெசின் பசையைத் தடவி, ரோலர் போடுவாள். இறுகிய பின் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியாகக் கேட்டால் நல்லது, பொள்ளென்று கேட்டால் நடுவில் காற்று நிற்கிறது என்று அர்த்தம். தொட்டிக்குள்ளே பேச்சு எதிரொலித்துக் குழம்பும் என்பதால் பேசுவதும் தட்டித்தான். வெளியே தட்டினால் உள்ளே இருப்பவர் மறுபேச்சில்லாமல் வேலையைத் தொடங்கலாம். இதுவரை அந்தத் தட்டல் பொய் சொன்னதில்லை.

"ஹார்ட்னர் பத்தாது போலருக்கு. நாகல் நகர் போயி வாங்கிட்டு வாரேன். நீ உள்ள போயித் தேச்சு வையி. நான் வந்து தட்டுனப்பறம் மேட்டப் போடு."

"டீக்கடையில ஒக்காந்து கதையளக்காம வாங்க."

டி.வி.எஸ். சத்தம் தேய்ந்து மறைந்தது. செல்வி இன்ஜின் குழிக்குள் இறங்கி, ரெசின் டப்பா, மிச்ச ஹார்ட்னர், மேட், ரோலர் எல்லாவற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு, பின்தளத்துக்கு அடியில் ஓர் ஆள் மட்டும் குப்புறப் படுத்து நுழைகிற சந்துக்குள் ஊர்ந்தாள். பழைய டீசலும் குளத்துச் சேறும் கலந்த வாடை, அதற்கும் அடியில் வெகுநாள் அலசாத தலையின் எண்ணெய்ச் சிக்கு வாடை, எல்லாம் சேர்ந்து தொண்டையில் வழவழவென்று இறங்கின. முழங்கை உரசிய சத்தம் அவளுக்குப் பின்னால் இன்னொரு தடவை கேட்டது. எதிரொலி, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஓட்டை வந்துவிட்டது. அதன் வழியே பட்டறைத் தரையும் அதில் விழுந்த வெயிலும் தெரிந்தன. காற்று விடாமல் முகத்தில் ஏறி, நெற்றி முடியைப் பின்னுக்குத் தள்ளியது. மாதாவே, என்று முணுமுணுத்தபடி உப்புத்தாளால் ஓட்டையின் ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

டொக். டொக்.

தேய்ப்பதை நிறுத்தினாள். ஓட்டையின் மேல் பிளாஸ்டிக் தாள் ஏறியிருந்தது, ஆனாலும் காற்று நிற்கவில்லை. அதைத் தாங்கிப் பிடித்த விரல்களின் நிழலும் தெரிந்தது.

"அதுக்குள்ளயா வந்துட்டீங்க?"

டொக்.

உப்புத்தாள் சத்தத்தில் வண்டி வந்தது கேட்கவில்லை போலும். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரில் மிச்சமிருந்ததை ஊற்றிக் கலக்கி முதல் மேட்டை விரித்தாள். ரெசின் நெடி கண்ணைக் கரித்தது. வெளிச்சம் டீத்தண்ணி நிறத்துக்கு மங்கியது. அவள் தட்டினாள், வெளியே பதில் தட்டல் வந்தது. இரண்டாவது மேட். தட்டினாள். பதில் வந்தது. மூன்றாவது முறை அவள் கையை ஓங்குவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. அவள் கை அந்தரத்தில் நின்றது. ஆனாலும் கடைசி ஓரத்துக்கு ரோலர் போட்டு முடித்தாள், அப்போது முகத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றது. அப்பாடா, விட்டது சனி!

மேட் சுட்டு இறுகும் வரை படுத்துக் கிடந்தாள்.

அப்போதுதான் வாசலில் டி.வி.எஸ். வந்து நின்றது.

ஸ்டாண்டு போடும் சத்தம். செருப்புச் சத்தம். சேவியரின் இருமல்.

விரல்களின் நிழல் இன்னும் தாளில் இருந்தது. செல்வி பார்த்துக்கொண்டே இருக்கையில் ஒவ்வொரு விரலாக விலகிப் போயிற்று.

பின்னால் நகர்ந்தாள். வேகமாக. கால் எதிலோ முட்டியது.

வந்த வழி இல்லை. உள்ளங்காலால் துழாவினாள். வழவழவென்றிருந்தது. விளிம்பு இல்லை, மூலை இல்லை. சூடு. இப்போதுதான் இறுகிய ஃபைபரின் சூடு.

"செல்வி! நான் வாரதுக்குள்ள போட்டுட்டியா? தட்டுனப்பறம் போடுன்னு சொன்னேன்ல?"

"எம்புட்டு நேரங்க காத்துக் கெடக்கறது? அதான் நானே முடிச்சிட்டேன்."

அது அவள் குரல்.

படகுக்கு வெளியே, அவன் பக்கத்தில் நின்று, அவள் குரல் பேசியது. அதே செல்லக் கோபம். அதே இழுவை.

செல்வி அலறினாள். சத்தம் வரவில்லை. வாயைத் திறக்கத் திறக்கக் காற்று உள்ளேதான் போனது, உள்ளேயே போய்க்கொண்டிருந்தது, ஒரு முனகலைக்கூட வெளியே கொண்டுவரவில்லை. ஏங்க. ஏங்க. நான் இங்க இருக்கேன். உதடுதான் அசைந்தது.

கை இருந்தது. தட்டினாள்.

டீ நிற வெளிச்சத்தில் சேவியரின் தொப்பை நிழலாக வந்து குனிந்தது. பிளாஸ்டிக் தாளை உரித்தான். கைக்கெட்டும் தூரம். நடுவில் விரல் கனம்கூட இல்லாத ஃபைபர். அவன் தட்டினான். அவள் தட்டினாள். அவன் மறுபடி தட்டினான். அவள் முஷ்டியால் குத்தினாள். மண்டையால் முட்டினாள். தட்டலுக்குப் பொருள் தெரிந்த மனுஷன் அவன். தெரியும். அவனுக்குத் தெரியும்.

சேவியர் காதை வைத்துக் கேட்டான்.

"பொள்ளுன்னு கேக்குதே. உள்ள காத்து நிக்குதோ?"

"காத்துதாங்க. வெளிய இன்னொரு லேயர் போட்டா அமுங்கிரும். சட்டுன்னு போடுங்க, பாப்பா வாசல்ல நிக்கும்ல? நான் போயி மூஞ்சி கழுவிட்டு வாரேன்."

பாப்பா.

செல்வி தட்டினாள். மேட்டின் நிழல் ஒரு மூலையில் படிந்தது. பிரஷ் வந்தது. இடமிருந்து வலம். வலமிருந்து இடம். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. தட்டினாள். விரல் தோல் உரிந்தது, தட்டினாள். சேவியர் வேலையில் சுத்தக்காரன். ஓர் இடம் விடாமல், பொறுமையாக, அவள் தட்டுகிற இடமாகப் பார்த்துப் பார்த்து அழுத்தித் தடவிக்கொண்டிருந்தான்.