சக்ரபாணியின் சீட்டு

குகட்பள்ளியில் பிரசன்னாவும் மனைவியும் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்தும் செல்லார். பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் அங்கே கண் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்டும் இல்லை. பிரசன்னா டார்ச்சை அடித்துக்கொண்டு, பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தியிருந்த பழைய ஃபியட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான்.

கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஜலஜா அம்மாள் விற்றது. கணவர் சக்ரபாணி போன வருடம் தவறிவிட்டார். உயிரோடு இருந்தவரை ஸ்டியரிங்கை யாரிடமும் கொடுத்ததில்லையாம். தனக்கும் ஓட்ட ஆசைதான், அந்த சீட்டில் உட்காரவே விடவில்லை என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்தாள். சிரிப்பா அது? சல்லிசாகக் கிடைக்கிறதே என்ற குஷியில் நம்ம ஆளுக்கு அது உறைக்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான். சக்ரபாணி டேஷ்போர்டில் விட்டுப்போன மூக்குப்பொடி டப்பியை அன்றைக்கே குப்பையில் எறிந்தான்.

எல்லாம் மனைவி உஷாவுக்காக. நாளைக்குப் புது ஆபீஸில் சேருகிறாள். தானே ஓட்டிக்கொண்டு போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆனால் கார் நகர்ந்தாலே அடியில் ஒரு முனகல். பின்சக்கரத்தைச் சுழற்றும் நீண்ட ஷாஃப்டை நடுவில் தாங்குகிற பேரிங் தேய்ந்துபோயிருந்தது.

அதை மாற்ற இரண்டு பேர் வேண்டும். போல்ட்டை முடுக்கும்போது ஷாஃப்ட் சுற்றாமலிருக்க, மேலே ஒருவர் கியர் போட வேண்டும். அடுத்த போல்ட்டுக்குத் திருப்புவதற்கு நியூட்ரல். உஷா சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சாவியை பிரசன்னா தன் பாக்கெட்டில் பத்திரப்படுத்தினான். எஞ்சின் தப்பித்தவறிக் கிளம்பினால் விரல் போய்விடும். கம்ப்யூட்டரில் தட்டிப் பிழைக்கிறவனுக்கு விரல்தானே சோறு.

"கியர்," என்றான்.

கிளட்ச் கிறீச்சிட்டது. கியர் விழுந்தது.

"நியூட்ரல்."

விடுபட்டது. வேலை மளமளவென்று நடந்தது. புது பேரிங் உட்கார்ந்தது. கடைசி போல்ட்டையும் முடுக்கிவிட்டு, நியூட்ரல் சொல்லி, ஷாஃப்டைத் தடவிப் பார்த்தான். கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே மூக்குப்பொடி நெடி அடித்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

"என்னங்க, டீ. குக்கர் ஞாபகம் வந்து அப்பவே மேல போயிட்டேன். கூப்பிட்டீங்களா?"

டம்ளரோடு உஷா படியில் நின்றாள்.

அவன் டார்ச்சை மேலே திருப்பினான்.

கேட்காமலே கியர் விழுந்தது.

ஷாஃப்ட் ஒரு அசைவு அசைந்து இறுகியது. இரண்டு விரல்கள் ஷாஃப்டின் மூட்டு இடுக்கில் மாட்டிக்கொண்டன. வலி உச்சந்தலைக்கு ஏறியது. இழுத்தான், வரவில்லை. தலைக்கு மேலே சீட்டின் ஸ்பிரிங் யாரோ அசைந்து உட்கார்ந்ததுபோல் முனகியது.

"சார்..." என்று கிசுகிசுத்தான். "நியூட்ரல் போடுங்க, சார்."



கிளட்ச் கிறீச்சிட்டது. விரல் விடுபட்டது.

வெளியே உருண்டு வந்தவன் உஷாவிடம் வாய் திறக்கவில்லை. எப்படிச் சொல்வது? கன்றிப்போன விரல்களோடு காரைத் தரைக்கு இறக்கினான். இன்றைக்கே இதைத் தலைமுழுக வேண்டும் என்று நினைத்தபடி மூலைக் குழாயில் கை கழுவினான். திரும்பியபோது, உஷா சீட்டை மறுபடியும் முன்னால் இழுத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவர்.

"உஷா, இறங்கு."

"இருங்க. கதவு திறக்க மாட்டேங்குது."

சீட்டு அவளோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தது, நல்ல உயரமான ஆள் உட்காரும் தூரத்துக்கு.

"என்னங்க... காலு எட்டல."

யாரும் மிதிக்காமல் கிளட்ச் இறங்கியது. கியர் விழுந்தது.

பிரசன்னா ஓடிப்போய்க் கதவைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. கண்ணாடியில் வாயை வைத்துக் கெஞ்சினான்.

"சார், நியூட்ரல்... அவளை விட்டுடுங்க, சார்."

கியர் நகரவில்லை.

அவன் பாக்கெட்டில், தொடையோடு ஒட்டிக் கிடந்த சாவி தானாகத் திரும்பியது.