எண்ணெய் சுரண்டிய சுவர்

கை கழுவ வைத்திருந்த வாளியில் தண்ணீர் இல்லை. மத்தியானம் மண்பொம்மை சொல்லித்தரும் நான்சியே தளும்பத் தளும்ப நிரப்பி, களிமண் வகுப்பு நடக்கும் அறையின் மேற்குச் சுவரோரம் வைத்த வாளி. கோடை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். கலங்கலாவது அடியில் நிற்க வேண்டாமா? காய்ந்த மண்பொடிதான் கிடந்தது. சித்திரை வெயில் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு, அவள் மேசைகளைத் துடைக்கப் போனாள்.

அது வாழ்ந்து கெட்ட வீடு. செல்வநாதன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இருந்த மாளிகை, இப்போது விருத்தாசலத்துப் பிள்ளைகள் ஆடவும் வரையவும் பொம்மை செய்யவும் வந்துபோகிற கலைக்கூடம். சாவி கொடுத்த அன்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த மேக்கால செவுத்துக்கு மட்டும் வருசா வருசம் தவக்காலத்துக்கு முன்ன வெளக்கெண்ண பூசிடுங்க. எங்க வூட்டு வழக்கம்." ஏனென்று அவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் வாய்க்குள் சிரித்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, அந்தப் பிசுக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, பொம்மை அச்சு வார்க்கிற வெள்ளை பிளாஸ்டர் மாவைக் குழைத்துப் பூசினார் அச்சுவேலை பழமலை. ஊரில் மலிவாகக் கிடைக்கிற சரக்கு. சுவர் பால் மாதிரி இருந்தது.

அந்த மாவு தண்ணீர் குடிக்கும். பொம்மை பிடிப்பதே அந்தக் குணத்தால்தான். அச்சுக்குள் ஊற்றிய மண்கூழின் ஈரத்தை அச்சு உறிஞ்ச, மண் அதன்மேல் தோல் மாதிரி படியும். காய்ந்தால் சுருங்கித் தானாக விட்டுவிடும். ஈரத்தோடு இழுத்தால் பிய்ந்துபோகும்.

"ஜெனி, கெளம்பு. பஸ்ஸு போயிடும்."

ஏழு வயது மகள் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தாள். "அம்மா, செவுரு ஜில்லுன்னு இருக்குது."

"போதும், வாடி."

"வர மாட்டுது."

"என்னாது?"

"கையி."

விளையாடுகிறாள் என்று நான்சி மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். தோல் மட்டும் நீண்டு வந்தது. ஜெனியின் அலறல் அந்த உயரமான கூரையில் மோதி, காலியான நடன அறையையும் மாடிப்படியையும் சுற்றிக்கொண்டு, வேறு யாரோ அலறுவதுபோலத் திரும்பி வந்தது. காவலாளி டீ குடிக்கப் போயிருந்தான். தோட்டத்தைத் தாண்டித் தெரு வெகு தூரம். பிள்ளையை விட்டுப் போக மனசு வரவில்லை. பழமலைக்கு போன் போட்டாள்.

"அண்ணே, பாப்பா கை செவுத்துல ஒட்டிக்கிச்சிண்ணே!"

"இழுக்காத! பிஞ்சிடும். தண்ணி ஊத்து. குடிச்சி நெறஞ்சா பிடி வுட்டுடும். மங்கலம்பேட்டையில இருக்கேன், இதோ கெளம்பிட்டேன்."

குடம் குடமாக ஊற்றினாள். சூடான அடுப்பில் நீர் தெளித்தது போலச் சுவர் சீறியது, சுண்ணாம்பும் பழைய எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியது, ஒரு சொட்டு தரைக்கு வரவில்லை. விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் கைவிளிம்பில் தடவிப் பார்த்தாள். ஒட்டும் முன் பூச வேண்டியது அது. அவளுக்கே தெரியும். உளியால் சுவரைக் கொத்தினாள். பூச்சு உதிரவில்லை. உளி பட்ட போதெல்லாம் ஜெனிதான் கத்தினாள்.

இப்போது முழங்கையும் ஒட்டியிருந்தது. பிறகு தோள். பிறகு கன்னம்.

"தண்ணி, அம்மா."

தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததை வாயில் ஊற்றினாள். பிள்ளையின் தொண்டை அசைந்தது. சுவர் சீறியது.

குழாயைத் திறந்தாள். காற்று. தொட்டி காலி. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. மாதாவே, என் பிள்ளையை விட்டுடு, என்னை எடுத்துக்கோ. தன் கையை, தன் நெற்றியை, தன் கன்னத்தைச் சுவரில் அழுத்தினாள். அவள் தொடவே இல்லை என்கிற மாதிரி சுவர் உலர்ந்து கிடந்தது. அவளை அதற்கு வேண்டாம்.

ஜெனியின் கண்ணீர் கீழே வழியவில்லை. பக்கவாட்டில் ஓடியது, சுவரை நோக்கி. உதடு வெடித்தது. ரத்தம் வரவில்லை.

"ஜெனி. ஜெனிம்மா. தூங்காத."

ஜெனியின் இமைகள் மூடின. ஜன்னலில் வெளிச்சம் மங்கியது.

சீறல் நின்றது.

வெளியே பைக் சத்தம். செருப்புச் சத்தம். அதே நேரம் ஒரு சின்ன 'டிக்'. கை விட்டது. தோள் விட்டது. கன்னம் விட்டது. பிள்ளை அப்படியே அவள் மடியில் சாய்ந்தாள். மூச்சிரைக்க வாசலில் வந்து நின்ற பழமலை அதைப் பார்த்தார்.

"தானா வுட்டுடுச்சா? அப்பாடா!"

நான்சி பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். பிள்ளைக்குக் கனமே இல்லை. மூடிய இமைமேல் மாவு பூத்திருந்தது. முதுகில் விரல் பட்டது. அச்சிலிருந்து எடுத்த பொம்மை போல உள்ளே வெறுமையாக ஒலித்தது.

நிமிர்ந்தாள். சுவரில் ஜெனியின் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது. விரல் ரேகை, காது மடல், ஒவ்வொரு முடி. அந்த முகத்தில் கண்கள் திறந்திருந்தன. ஈரமாக.

பிள்ளையை அணைத்துக்கொண்டு நான்சி வாசல் பக்கம் ஓர் அடி வைத்தாள். சுவருக்குள் குழிந்திருந்த முகம் அவளைப் பார்த்துத் திரும்பியது.