லயத்துப் பல்லிகள்

பொழுது விடிந்ததும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் முதலில் பார்ப்பது செவிக்கம்பத்தைத்தான். காட்டோரத்தில் நிற்கும் அந்தக் கருவி, பல்லி சொல்லும் சத்தம் கேட்டால் பச்சை விளக்கைக் காட்டும். உயிரினத் துறை அதிகாரிகளின் குரலும் அதற்குத் தெரியும். அவர்கள் சொன்னால் அதற்கு அது வேதவாக்கு. பச்சை எரிந்த பிறகுதான் நாங்கள் அடுப்பு மூட்டுவோம்.

அந்தப் பல்லி, எங்கள் மலையில் மட்டுமே வாழும் சாம்பல் காட்டுப்பல்லி. அருகிவரும் உயிர் இருக்கும் மலையைச் சுரங்கத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டம். தேயிலை அழிந்த பிறகும் பல்லிக்குக் ‘காவல்குடி’ என்று எங்களை விட்டுவைத்திருப்பது அதே சட்டம்தான். எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் இந்த மண்ணில்தான் புதைந்து கிடக்கிறார்கள். அதற்கு ஒரு சட்டமும் இல்லை. யோகம் பல்லிக்குத்தான்.

இந்த வருடம் பச்சை ஓயாமல் எரிந்தது. பல்லி பெருகிவிட்டது என்று பூரித்துப்போனோம். அதைப் பார்க்க உயிரினத் துறையிலிருந்து நிமலராஜ் வந்தார். நாள்கணக்கில் மரம் மரமாகத் தேடிவிட்டு, அட்டைக்கடியோடு என் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

“ஒண்டும் கண்ணில படேல்லை அக்கா.”

“அது கூச்சப்படுற சீவன் தம்பி. டீயைக் குடிங்க. எல்லாம் நல்லபடியா முடியும்.”

பக்கத்து வீட்டிலிருந்து ‘ச்சு ச்சு ச்சு’ என்று கேட்டது.

“பாத்தீங்களா, பல்லி சொல்லுது” என்று நானும் தரையில் விரலால் தட்டி நாக்கைச் சொடுக்கினேன். பல்லி சொன்னால் அப்படிச் செய்வது எங்கள் வழக்கம். என் சொடுக்கைக் கேட்டுக் கடைசி வீட்டுச் சிவனம்மா சொடுக்கினாள். அவள் சொடுக்கைக் கேட்டு எதிர் லயத்தில் யாரோ சொடுக்கினார்கள்.

நிமலராஜ் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொடுக்குக்கும் பச்சை மின்னியது. எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தார். உள்ளே முனியாண்டி அண்ணன் மட்டும்தான் இருந்தார்.

“எங்கயோ பல்லி சொன்ன மாதிரி இருந்திச்சுங்க, அதான் தட்டி நாக்கைச் சொடுக்கினேன்” என்றார் அண்ணன்.

நிமலராஜ் என் பக்கம் திரும்பினார். “அக்கா, பல்லி எப்பவோ அழிஞ்சு போச்சு. ஒராளைக் கேட்டு ஒராள் நீங்கள்தான் சொடுக்கிக்கொண்டு இருக்கிறியள். இது மனுசச் சத்தம்.”

பச்சை அணைந்தது.

பெரிய படிப்புப் படித்தவர்தான், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியவில்லை. கம்பத்திடம் ஓடி, “பல்லிதான், பல்லிதான்” என்று கத்தினார். அதிகாரி ஒருமுறை திருத்தியதை அது மறுபடி மாற்றாதாம். லயமே வாசலுக்கு வந்து நாக்கு வலிக்கச் சொடுக்கிப் பார்த்தது. விளக்கு எரியவில்லை.

“இனிச் சுரங்கக்காரன் வருவான். நாங்க எங்க தம்பி போறது?”

“மேலிடத்துக்கு நான் எழுதுறன் அக்கா. இங்க சனம் இருக்கெண்டு சொல்லுறன்.”

“சனம்னு தெரிஞ்சதாலதானே தம்பி விளக்கு அணைஞ்சிச்சு?”