குடைப் படக் கணக்கு

காலை 9.10. பதிப்பக அறையில் நான்கு பேர் ஒரே கைப்பேசியைப் பார்த்தபடி உறைந்து நின்றார்கள். மறுநாள் மின்னூலாக வெளியாகவிருந்த இளையோர் நாவலின் முடிவு இணையத்தில் கிடந்தது.

கலங்கரை விளக்கைக் காக்கும் பதினாறு வயதுப் பெண், கடைசியில் அதைத் தன் கையாலேயே அணைத்துவிடுகிறாள். பதிவில் வார்த்தைகள் வேறு. சம்பவம் அச்சு அசல். பதிவிட்ட கணக்கில் பெயர் இல்லை, ஒரு குடைப் படம் மட்டும்.

"திருடினது தெரியக் கூடாதுன்னு வார்த்தையை மாத்தியிருக்காங்க," என்று பதிப்பாளர் பக்க வடிவமைப்பாளரை முறைத்தார். "கடைசி அத்தியாயம் நம்ம நாலு பேர்கிட்டதான் இருக்கு. மத்தியானத்துக்குள்ள உண்மையைச் சொல்லிடுங்க. இல்லன்னா கிளம்புங்க."

"பன்னெண்டு வருஷமா இங்க இருக்கேன் சார்." என்றார் வடிவமைப்பாளர்.

எழுத்தாளர் அந்தப் பதிவையே திரும்பத் திரும்பப் படித்தார். மூன்று வருட உழைப்பு.

மெய்ப்புத் திருத்தும் பெண் கைப்பேசியை வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். பிழை பிடிப்பதே அவள் பிழைப்பு.

11.40. திரும்பி வந்தாள்.

"மேடம், கலங்கரை விளக்கத்துக்கு எத்தனை படி?"

"நூத்தி இருபத்தொண்ணு," என்றார் எழுத்தாளர்.

"முதல் பத்து அத்தியாயத்தை நெட்ல போட்டீங்களே, அதுல?"

எழுத்தாளர் யோசித்தார். "நூத்திப் பன்னெண்டு. அப்புறம் பிரதியில மட்டும் திருத்திட்டேன்."

"எப்போ?"

"கடைசி அத்தியாயம் எழுதுறதுக்கு முன்னாடியே."

"இந்தப் பதிவுல அவ நூத்திப் பன்னெண்டு படி ஏறுறா."

"அதனால என்ன?" என்றார் பதிப்பாளர்.

"முடிவு இருக்குற எந்தப் பிரதியிலயும் அந்த எண் கிடையாது சார். இவங்க நம்ம பிரதியைப் பாக்கவே இல்ல. பத்து அத்தியாயத்தை மட்டும் படிச்சுட்டு முடிவை ஊகிச்சிருக்காங்க. திருட்டே நடக்கல."

நான்காம் அத்தியாயத்தின் கீழே குடைப் படக்காரர் எழுதியிருந்த பின்னூட்டத்தைக் காட்டினாள்: 'விளக்கைப் பாத்துக் கப்பல் வருது. வந்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் ஊர்ல ஒருத்தர் குறையுறாங்க. யாராவது கவனிச்சீங்களா?'

மூவாயிரம் பின்னூட்டங்களில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பதிப்பாளர் வடிவமைப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க."

12.15. குடைப் படக் கணக்குக்கு எழுத்தாளர் அனுப்பிய செய்திக்குப் பதிலாக அழைப்பே வந்தது. ஒரு சிறு பெண்ணின் குரல்.

"தப்பு பண்ணிட்டேனாக்கா? முடிவு தெரியாம இருக்க முடியல. நானே எழுதிட்டேன்."

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"அவ இடத்துல என்னை வச்சுப் பாத்தேன். அவளுக்கு வேற வழியே இல்லக்கா."

எழுத்தாளர் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். மூன்று வருடம் தட்டுத்தடுமாறித் தான் போய்ச் சேர்ந்த இடத்தில், முகம் தெரியாத ஒருத்தி முன்பே வந்து நின்றிருக்கிறாள்.

"விளக்கை அணைச்ச பிறகு அவ என்ன பண்ணுவா?" என்று மெல்லக் கேட்டார். "அது எனக்கே தெரியல."

அந்தப் பக்கம் அவள் சொல்லத் தொடங்கினாள். எழுத்தாளர் கைக்கு எட்டிய தாளை இழுத்து, பேனாவைத் திறந்தார்.