மஃரிபுக்குப் பின் மௌத்தானவர்

1988ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் ஐந்தரை மணிக்கு ஸகியா கல்முனையில் றஸாக்கின் கொம்பியூட்டர் கடைக்குள் நுழைந்தாள். அவன் அச்சடித்துக் கொடுத்திருந்த தாள் அவள் கையில் இருந்தது. தங்கை ஜெமீலாவின் இத்தா, அதாவது கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய நூற்றுமுப்பது நாள், நேற்றோடு முடிந்துவிட்டதாக அது சொன்னது.

றஸாக் றியாத்திலிருந்து இயந்திரத்தைக் கொண்டுவந்தவன். அறிவைக் கொண்டுவர மறந்தவன். இறந்தவர் மௌத்தான திகதியைக் கொடுத்தால் அவர் பேரில் ஓதும் கத்தத்துக்கும், மனைவியின் இத்தாவுக்கும் நாள் கணித்துத் தரும் புறோகிறாமை பேஸிக் மொழியில் தானே எழுதியதாகப் பீற்றிக்கொள்வான்.

"எத்தினை மணிக்கு மௌத்து எண்டு இதில போடல்லையே, தம்பி?"

"மணி என்னத்துக்கு ராத்தா? திகதி போதும். மெசின் பிழை விடாது."

"ஓம், மெசின் விடாது. நீதான் விட்டிருக்காய். மச்சான் மௌத்தானது செவ்வாய்க்கிழமை மஃரிபுக்குப் பொறகு. பொழுது பட்டா நமக்கு அடுத்த நாள், அது புதன். இத்தா இண்டைக்கு மஃரிபோடதான் முடியிது."

"உலகமே நடுச்சாமத்திலதான் நாள மாத்துது ராத்தா."

"உலகத்த விடு. காலையில ஜெமீலா வாசல்ல கால வெக்க, உள்ளுக்கிருந்து ஆரோ முந்தானையப் புடிச்சி இழுத்திருக்கு. வீட்டில வேற ஆளில்ல."

றஸாக் சிரித்தான். மெய்ப்பித்துக் காட்டுகிறேன் என்று 09-08-1988 என மறுபடி அடித்தான். 16-12-1988 என்று திரை பதில் தந்தது.

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு எழுந்தது.

கற்பூரமும் ஈரமண்ணும் கலந்த வாடை அறைக்குள் மெல்லப் பரவியது. திரையில் இருந்த விடை அழிந்தது. அங்கே ஒரு கேள்வி எழுந்தது.

எத்தனை மணி?

"நான் இப்பிடி ஒண்டும் எழுதல்ல ராத்தா," என்று றஸாக் முணுமுணுத்தான். அவன் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

விசைப்பலகையில் ஆறாம் இலக்கம் தானாகத் தாழ்ந்தது.

நான்கு தாழ்ந்தது.

ஐந்து தாழ்ந்தது.

மௌத்தான அன்று மாலை ஆறே முக்காலுக்கு ஜெமீலாவின் கணவன் அபுல் ஹஸனின் கண்களை மூடிவிட்டவள் ஸகியாதான்.

அச்சுப்பொறி கரகரத்துத் தாளைத் துப்பியது: 17-12-1988.

இறுதியில் முடிவானது இதுதான். ஜெமீலா அன்று மஃரிபுக்குப் பின்பே இத்தாவிலிருந்து வெளிவந்தாள். றஸாக் தன் புறோகிறாமில் மணியையும் சேர்த்தான். அறிவு வந்து அல்ல, நடுக்கம் வந்து. மஃரிபுக்குப் பின் மௌத்தானவர்களுக்காக அவன் முன்பு பிழையாகக் கொடுத்த ஏழு தாள்களையும் வீடு வீடாகப் போய்த் திருத்திக் கொடுப்பதென்றும் தீர்மானமாயிற்று. அவனை நம்பி விட முடியாது என்பதால் மறுநாள் ஸகியாவும் கூடப் போனாள்.

ஏழு தாள்களிலும் திகதி ஏற்கெனவே பேனையால் திருத்தப்பட்டிருந்தது. தாங்கள் அவற்றைத் தொடவேயில்லை என்றே எல்லா வீட்டிலும் சொன்னார்கள்.

கடைசி வீட்டில், அதே கற்பூரமும் ஈரமண்ணும் மணத்த தாளின் எழுத்தின்மேல் ஸகியா விரலை வைத்தாள்.

மை இன்னும் காயவில்லை.