அந்தக் கோட்டைக் கொண்டு வா!

"வீ...ல்...!"

ஜூன் மாதத்துச் சாயங்காலம். மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது.

நீச்சல் குளத்தின் ஓரத்தில் சரிந்தாள் கோரின் ஹாலிஸ்டர். பாதி உடம்பு தண்ணீரில். தண்ணீர் மெல்லச் சிவந்தது.

குளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து போனான் அவன். மஞ்சள் மழைக்கோட்டு. தலையை மூடிய குல்லாய். மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக் கறை!

முகம் தெரியவில்லை.

ஆனால் அந்தத் தோள்... அந்தத் துள்ளல் நடை... அமெரிக்காவில் டிவி வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் பழக்கமான நடை அது!

கோரினின் புருஷன். பதினாறு வருடமாக டிவியில் பரிசுப் போட்டி நடத்தி, ஊரையே சிரிக்க வைத்தவன்.

ட்ரென்ட் ஹாலிஸ்டர்...!

*

எட்டு மாதம் கழித்து.

லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட். ஜூரிகள் கூடிப் பேசும் அறை. நீள மேஜை. மேஜை நடுவில் ரோஸ் கலர் டப்பா நிறைய டோனட்.

பன்னிரண்டு பேர். பன்னிரண்டு மடித்த சீட்டு.

சீட்டுகளைப் பிரித்தார் ஜூரித் தலைவர் ஹோமர் லட்ஸ். இரும்புக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஆணி எண்ணிய விரல்கள், சீட்டுகளையும் அப்படியே எண்ணின.

"குற்றவாளி... பதினொண்ணு!"

பெருமூச்சு விட்டார்.

"குற்றவாளி இல்ல... ஒண்ணு. மறுபடியும் அதே ஒண்ணு!"

பதினொரு ஜோடிக் கண்கள் டெலியா ஓச்சோவாவின் மேல் பாய்ந்தன. ஜூரி எண் ஒன்பது. நகத்துக்குப் பாலிஷ் போடும் கடையில் வேலை. இருபத்தாறு வயது.

"ஏம்மா, நாலு நாளா இதே பாட்டா? பன்னெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாத்தான் தீர்ப்பு. தெரியுமில்ல?" என்றார் ஹோமர்.

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன? உன் ஒருத்தியால எங்க எல்லாருக்கும் ஜெயில் வாசம்!"

"உங்களுக்கு நாலு நாள். நான் தலையாட்டிட்டா அந்த ஆளுக்கு ஆயுசு முழுக்க! செத்தாத்தான் வெளிய வரலாம். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டாங்க, சரி. வீட்டுக் கத்தி, சரி. குத்தினதைப் பாத்தது யாரு?"

"பாக்கணுமா? அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா!"

இதைச் சொன்னது லொரெட்டா பிரிகாம். ஜூரி எண் ஐந்து. பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஐம்பத்திரண்டு வயது. நாற்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் அடக்குகிற தொண்டை.

"மூஞ்சியப் பாத்துத் தீர்ப்பு எழுதறதுன்னா கோர்ட் எதுக்கு மேடம்? கண்ணாடி போதுமே!"

"இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. அந்தக் கோட்டு என்னாச்சு? அதுல ரத்தம் இருந்துச்சே, அதுக்கு என்ன சொல்ற?"

"ஆமா! கோட்டு!" என்றார் ஹோமர்.

"கோட்டை மறந்துட்டோமே!" என்றது மேஜையின் அந்தக் கோடி.

பத்துத் தலைகள் ஆடின.

டெலியா விழித்தாள். "எந்தக் கோட்டு?"

"கிழிஞ்சது போ! சாட்சி நடக்கும்போது தூங்கிட்டியா?"

டெலியா தன் குறிப்பு நோட்டைப் புரட்டினாள். முன்னும் பின்னும். மறுபடி முன்னும் பின்னும்.

"நூத்திப்பத்துப் பொருளைக் காட்டினாங்க. எல்லாம் எழுதி வச்சிருக்கேன். கோட்டு இல்லையே..."

"நீ எழுதாம விட்டா கோட்டு இல்லேன்னு ஆயிடுமா? பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா?"

சிரிப்பு! டெலியாவின் முகம் சிவந்தது.

"சரி... ஒரு வேளை நான்தான் கோட்டை விட்டுட்டேனோ என்னவோ. அதைக் கொண்டு வரச் சொல்லுங்க. ரத்தக் கறையை என் கண்ணால பாத்துட்டா, 'குற்றவாளி'ன்னு நானே எழுதித் தர்றேன்."

ஹோமர் பாய்ந்து பேனாவை எடுத்தார். நீதிபதியிடம் ஜூரிகள் எதைக் கேட்டாலும் எழுதித்தான் கேட்க வேண்டும்.

'ரத்தக் கறை உள்ள கோட்டை அனுப்பவும்.'

ஒரே வரி. கீழே கையெழுத்து. கதவைத் தட்டினார். வெளியே நின்ற காவலர் ரூயிஸ் வாங்கிக்கொண்டு போனார்.

லொரெட்டா வெற்றியோடு ஒரு டோனட்டை எடுத்துக் கடித்தாள்.

பாதி கடித்தபோது...

தொண்டையில் சிக்கியது!

அந்தக் கோட்டைக் கோர்ட்டில் யார் காட்டினார்கள்? அரசு வக்கீலா? போலீஸ்காரரா? எந்தக் கிழமை?

நினைவில் கோட்டு பளிச்சென்று இருந்தது. அதன் பக்கத்தில் வக்கீல் இல்லை. நீதிபதி இல்லை. பக்கத்தில் இருந்தது... அவள் வீட்டு சோபா. மடியில் சாப்பாட்டுத் தட்டு. குறட்டை விடும் புருஷன் டுவெய்ன்!

மீதி டோனட்டை மெல்ல டப்பாவிலேயே வைத்தாள்.

*

நாலு வாரத்துக்கு முன்னால், இதே கோர்ட்டில், வலது கையை உயர்த்திக்கொண்டு நின்றவள்தான் லொரெட்டா.

"இந்த வழக்கைப் பத்தி டிவில எதாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் நீதிபதி வெர்னா ஸ்ட்ராட்டன்.

"இல்ல, யுவர் ஆனர். பஸ் ஓட்டவே நேரம் போதல!"

பொய். பச்சைப் பொய்! கொலை நடந்த மறுநாளிலிருந்து இந்த வழக்கைப் பற்றிய டிவி நிகழ்ச்சி ஒன்றைக்கூட அவள் விடவில்லை. ஊரே வாயைப் பிளந்து பார்க்கும் வழக்கில் தானும் உட்கார ஆசை. அவ்வளவுதான்.

தினமும் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது நீதிபதி அதையே திருப்பிச் சொல்வார்.

"பேப்பர் படிக்காதீங்க. டிவி பாக்காதீங்க. நானே என் வீட்ல பிளக்கைப் பிடுங்கிப் போட்டுட்டேன்! நீங்க தீர்ப்பு சொல்ற வரைக்கும் அந்த மனுஷன் நிரபராதி. ஞாபகம் இருக்கட்டும்."

லொரெட்டா பயபக்தியோடு தலையாட்டுவாள். வீட்டுக்குப் போவாள். டிவியைப் போடுவாள்.

*

"எல்லாரும் எழுந்து நில்லுங்க!"

ரூயிஸின் குரல். பன்னிரண்டு பேரும் கோர்ட்டுக்குள் வரிசையாக வந்தார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவரின் மேஜையில் ட்ரென்ட் ஹாலிஸ்டர். டிவியில் பார்த்ததில் பாதி உடம்புகூட இல்லை. இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து, ஜூரிகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார் போல.

நீதிபதியின் கையில் அந்தச் சீட்டு.

"இது யார் எழுதினது?"

"நான்தான், யுவர் ஆனர்..." என்றார் ஹோமர்.

"ரத்தக் கறை உள்ள கோட்டு. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"இந்த வழக்குல கோட்டே கிடையாது!"

நீதிபதி சீட்டை உயர்த்திக் காட்டினார்.

"அரசு தரப்பு கோட்டைக் காட்டல. எதிர்த் தரப்பும் காட்டல. எந்த சாட்சியும் கோட்டுன்னு ஒரு வார்த்தை பேசல. அப்ப இது உங்க தலைக்குள்ள எப்படி வந்துச்சு?"

ஹோமர் தன் ஷூவைப் பார்த்தார். எண் மூன்று கூரையைப் பார்த்தார். எண் பதினொன்று இல்லாத தும்மலைத் தும்மினார்.

லொரெட்டாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சும்மா இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பத்துப் பேரோடு பதினொன்றாக நின்றுவிடலாம்.

பஸ்ஸில் பொய் சொல்கிற குழந்தையைக் காதைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைப்பாளே, அவள் காதை யார் பிடிப்பது?

எழுந்துவிட்டாள்.

"யுவர் ஆனர்... நான் டிவில பாத்தேன். தினமும் பாத்தேன். முதல் நாளே உங்ககிட்ட பொய் சொன்னேன்." டெலியாவின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பொண்ணைக் கிண்டல் பண்ணினதும் நான்தான். எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு."

"உக்காருங்க. வேற யாரு?"

ஒரு கை உயர்ந்தது. ஹோமர்! இன்னொன்று. இன்னும் இரண்டு. மொத்தம் பதினொரு கைகள்.

டெலியாவின் கை மட்டும் மடியில் இருந்தது.

நீதிபதிக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"சத்தியம் பண்ணிட்டுப் போய் டிவி முன்னால உக்காந்தீங்களா? ஒரு மனுஷன் உயிர்ங்க இது! அது கோட்டா? டிவிக்காரன் ஒரு கூலி நடிகனுக்கு மஞ்சக் கோட்டை மாட்டி, குல்லாயைப் போட்டு நடக்க விட்டான்! மேலேருந்து குழாய்ல தண்ணி அடிச்சு மழைன்னான்! இந்த ஊர்ல பொறந்து வளந்தவங்கதானே நீங்க? ஜூன் மாசம் இங்க என்னைக்காவது மழை பெஞ்சிருக்கா? அந்த அரைமணி நேரக் கூத்தை நம்பி..."

"யுவர் ஆனர்..."

டெலியா கையைத் தூக்கியிருந்தாள்.

"என்ன?"

"கோட்டு மஞ்சளா?"

"ஆமா!"

"எங்க ரூம்ல யாருமே கலர் சொல்லலையே. சீட்டுலயும் எழுதல. குல்லாய், மழை, குழாய்த் தண்ணி... எதுவுமே எழுதல." டெலியா தயங்கினாள். "உங்க வீட்லதான் பிளக்கைப் பிடுங்கிட்டீங்களே... அப்புறம் எப்படி யுவர் ஆனர்?"





நீதிபதியின் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவப்பு ஏறியது. கையிலிருந்த சீட்டை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார்.

"இந்த விசாரணை செல்லாது." குரல் எழும்பவே இல்லை. "புது ஜூரி வரட்டும். புது நீதிபதியும்... வரட்டும்."

முதல் தடவையாக அவரும் தன் ஷூவைப் பார்த்தார்.

*

வெளியே கேமராக்கள். லொரெட்டா முகத்தைக் கைப்பையால் மூடிக்கொண்டு படி இறங்கினாள். ஜாமீன் கையெழுத்து போட்டுவிட்டு, வக்கீலோடு அதே படியில் இறங்கிக்கொண்டிருந்தார் ட்ரென்ட் ஹாலிஸ்டர்.

அவளைப் பார்த்து நின்றார்.

"மேடம்... ஒரே ஒரு கேள்வி." பதினாறு வருடம் அமெரிக்காவைச் சிரிக்க வைத்த அதே குரல். "அந்தக் கோட்டு எனக்கு அளவு சரியா இருந்துச்சா?"

லொரெட்டாவால் சிரிக்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அதையும் நாலு கேமரா படம் பிடித்தது. அன்று சாயங்காலம் டுவெய்ன் டிவியைப் போட்டபோது அதில் வந்தது அவள் முகம்தான். கீழே கொட்டை எழுத்தில், 'பொய்க்காரி!'

அப்படியானால் ட்ரென்ட் கொன்றாரா, இல்லையா?

எனக்குத் தெரியாது. தெரியும் என்று சாதித்த பதினொரு பேர் கதிதான் பார்த்தீர்களே!

ஆமாம்... ஜூன் மாதத்தில் மழை கொட்டியதாக இரண்டாவது வரியிலேயே அளந்தேனே, நீங்களும் நம்பித்தானே படித்தீர்கள்? பயப்படாதீர்கள், நீங்கள் சத்தியம் செய்துவிட்டா படிக்க உட்கார்ந்தீர்கள்!