மூன்றாம் அறை மணி

முதலாளி மூன்றாம் குளிர் அறையில் செத்துக் கிடந்தார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவரைத் தேடிப் போய்க் கதவைத் திறந்து பார்த்தவர் அவருடைய மாப்பிள்ளை.

உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கி வைக்கும் கிடங்கு அது. ஞாயிறுதோறும் மதியம் சாப்பிட்ட கையோடு தனியாக உள்ளே போய்ப் பெட்டிகளைச் சரிபார்ப்பது முதலாளியின் வழக்கம். பெற்ற மகளையே நம்பாதவர், மீனையா நம்புவார்? கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி பனி இறுகிப் பாழாகி நெடுநாள் ஆயிற்று. பட்டன் இருக்கும்போது கைப்பிடி எதற்கு என்று அதைப் பழுது பார்க்காமல் விட்டதும் அவரேதான். சுவரில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்தினால் வாசல் காவல் அறையில் மணி அடிக்கும். காவலாளி வந்து வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும்.

அந்தப் பட்டனில் முதலாளியின் விரல் தோல் ஒட்டியிருந்தது. எத்தனை முறை அழுத்தினாரோ.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குத் துறையில் ‘மிளகாய்’ என்று பெயர். அவர் காதுபடச் சொன்னவர் எவருமில்லை. அவர் முதலில் காவலாளியை நிறுத்தினார். எல்லோரும் ‘ஆந்தை’ என்று கூப்பிடும் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“மணி அடிச்சுதா?”

“அடிக்கல மேடம்.”

“தூங்கிட்டியா?”

“இல்ல மேடம். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். கான்ஸ்டபிள் போய்ப் பட்டனை அழுத்தினார். கிடங்கே அதிரும்படி மணி அடித்தது.

“இப்ப அடிக்குது. அப்ப மட்டும் அடிக்கலயா?”

“என் புள்ளைங்க மேல சத்தியம் மேடம்!”

மாப்பிள்ளை குறுக்கே வந்தார். “இவன் பேச்சைக் கேக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிரைவர் இதே ரூம்ல மாட்டிக்கிட்டுச் செத்தான். அப்பவும் இதே பல்லவிதான்.”

“விசாரணையில என்ன சொன்னாங்க?”

“கம்ப்யூட்டர்ல ஏதோ சாஃப்ட்வேர் ஓட்டை, அதான் மணி அடிக்கலைன்னு மாமா சொன்னார். யார் மேலயும் தப்பில்லைன்னு மூடிட்டாங்க.”

அன்றைக்கு வசதியாக இருந்த ஓட்டை இன்றைக்கு வசதிப்படவில்லை போலிருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

“மதியம் நீங்க எங்க இருந்தீங்க?”

“மாடி ஆபீஸ்ல. லேப்டாப்ல மேட்ச் பாத்துக்கிட்டிருந்தேன். பாதியில நெட் போயிடுச்சு. கடுப்புல சோபாவிலயே படுத்துட்டேன்.”

முதலாளியைத் தவிர அன்று கட்டடத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஆந்தை, மாப்பிள்ளை, அடித்தளத்தில் மீன் மாதிரிகளைச் சோதித்து, ஓய்வில் பாடமும் எடுக்கும் லேப் டீச்சர். வேறு ஈ காக்கை நுழையவில்லை என்று ஆந்தையே சொன்னார். மாட்டிக்கொண்டவனுக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை பாவம்.

இன்ஸ்பெக்டர் படியிறங்கும்போது மேலதிகாரி போனில் வந்தார். “காவலாளியை உள்ள தள்ளிட்டுக் கேஸை முடிம்மா. காலையில கோர்ட்டு. வேணும்னே சாகவிட்டான்னு போடு...” கடைசிப் படியில் குரல் அறுந்தது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. கடவுள் இருக்கிறார் என்று இன்ஸ்பெக்டர் போனைப் பையில் போட்டார்.

லேப் டீச்சர் ஐம்பதைத் தொடும் பெண்மணி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வெள்ளைக் கோட்டில் ஒரு கறை இல்லை.

“மதியம்?”

“ரெண்டுல இருந்து நாலு வரை இங்கதான். கம்ப்யூட்டர்ல வீடியோ கிளாஸ் எடுத்தேன். ஞாயித்துக்கிழமைன்னா இங்க சத்தம் இருக்காது. முப்பது பசங்க பாத்துக்கிட்டிருந்தாங்க, கேட்டுப் பாருங்க. நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்ல.”

“மணிச் சத்தம் கேட்டுச்சா?”

“இவ்வளவு கீழ கேக்காது. அவர் என்ன சொல்றார்?”

“அடிக்கலைங்கறார்.”

“போன தடவையும் அதைத்தானே சொன்னார்” என்றார் டீச்சர். பேச்சில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

கான்ஸ்டபிள் மேலே போய் மாணவர்கள் நாலு பேருக்குப் போன் போட்டார். ஆமாம், டீச்சர் ரெண்டு மணிநேரமும் திரையில் இருந்தார். ஒருமுறைகூடத் தடங்கல் இல்லை என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். கல்லில் செதுக்கியது போன்ற சாட்சி. மிளகாய்க்கு அதுதான் உறுத்தியது. ஆனால் ஏன் என்று பிடிபடவில்லை.

கேமராக்களிலும் இரண்டரையிலிருந்து நாலு வரை வெறும் கறுப்பு. வெளி நிறுவனத்திலிருந்து கிடங்கின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் இளைஞரை வரவழைத்தார்கள். அவர் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“மேடம், லாட்ஜ்ல மேனேஜர் ரூம் நம்பர் குடுக்கற மாதிரி, இங்க ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சாஃப்ட்வேர் நம்பர் குடுக்குது. நம்பர் இல்லாத மெஷின் யார்கிட்டயும் பேச முடியாது. கேமரா, பிரிண்டர், அந்த மணி, எல்லாத்துக்கும் அதே கதைதான். நம்பர் ஒரு மணிநேரத்துக்குத்தான் செல்லும். அப்புறம் புதுப்பிக்கணும்.”

“புதுப்பிக்கப் போற நேரம் மேனேஜர் மயங்கிக் கிடந்தா?”

“எல்லாரும் தெருவுலதான். அதான் ஓட்டை. தாறுமாறா ஒரு கோரிக்கை அனுப்பினா இந்த மேனேஜர் மயங்கி விழுந்துடுவார். அப்டேட் போட்டா சரியாயிடும், போடுங்கன்னு முதலாளிகிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன். பாக்கலாம், பாக்கலாம்னார்.”

“இன்னிக்குத் தானா விழுந்திருக்குமா?”

“தானா விழுந்தா ஒடனே எழுந்துக்கும். இன்னிக்கு ரெண்டு மணியிலேருந்து எழுந்திரிக்க எழுந்திரிக்க யாரோ தட்டியிருக்காங்க. கட்டடத்துக்குள்ள இருக்கற மெஷின்லேருந்துதான். நாலு மணிக்கு நிறுத்திட்டாங்க. எல்லாம் பழையபடி ஆயிடுச்சு.”

ஆக, ஆந்தை சொன்னது உண்மை. முதலாளி அழுத்த அழுத்த மணி ஊமையாக இருந்திருக்கிறது.

“ரெண்டு மணிநேரத்துல எந்த மெஷினும் தப்பிச்சிருக்க முடியாதா?”

“முடியாது மேடம். முன்கூட்டியே கையால நம்பர் போட்டு வச்சிருந்தாத்தான் உண்டு. நான் இங்க ஒண்ணுக்குக்கூட அப்படிப் போடல.”

இன்ஸ்பெக்டர் எழுந்தார். “எல்லாரையும் கீழ லேபுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க.”

கான்ஸ்டபிள் முன்பே மாட்டிவிட்ட விலங்கோடு ஆந்தை வந்து நின்றார். மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். நெட்வொர்க் இளைஞர் டீச்சரின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துத் தலையாட்டினார். நம்பர் கையால் போடப்பட்டிருந்தது.

“டீச்சர், கட்டடம் முழுக்க நெட் செத்துக் கிடந்துச்சு” என்றார் இன்ஸ்பெக்டர். “இங்க போன்லயும் சிக்னல் கிடையாது. உங்க கிளாஸ் மட்டும் ஒரு தடங்கலும் இல்லாம நடந்திருக்கு. மழை வர்றதுக்கு முன்னாடியே குடை பிடிச்சவருக்கு மழை வரும்னு தெரிஞ்சிருக்கணும். நாலு பேரு சாட்சி போதாதுன்னு முப்பது பேரைச் சேத்தீங்க. அதுதான் உங்களைக் காட்டிக் குடுத்துச்சு. வந்து எட்டு மாசம்தான் ஆவுது, ரெண்டு வருஷத்துக்கு முந்தி இந்த வாட்ச்மேன் என்ன சொன்னார்னு பக்கத்துல நின்னு கேட்ட மாதிரி சொன்னீங்க. அந்த டிரைவர் உங்களுக்கு யாரு?”

“தம்பி” என்றார் டீச்சர்.

கோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“விசாரணையில பின் பெஞ்சுல உக்காந்திருந்தேன். மணி அடிக்கல, கம்ப்யூட்டர் கோளாறுன்னு முதலாளி சொன்னார். ஆமான்னு இந்த வாட்ச்மேன் தலையாட்டினார். நானும் நம்பினேன். என்ன ஓட்டைன்னு தெரிஞ்சுக்கணும்னு படிச்சேன். எந்தத் திட்டமும் இல்லாமத்தான் இங்க வேலைக்கு வந்தேன், தம்பி கடைசியா நின்ன இடத்தைப் பாக்கணும்னு. ஒருநாள் சாப்பிடும்போது நான் யாருன்னு தெரியாம இவரே எங்கிட்ட உளறினார். அன்னிக்கு மணி அடிச்சுதாம்.”

ஆந்தை தரையைப் பார்த்தார்.

“அடிச்ச மணியை அடிக்கலைன்னாங்க. சரி, பெரிய மனுஷங்க சொன்ன வார்த்தை பொய்யாப் போக வேண்டாம்னு நிஜமாக்கிக் குடுத்தேன். அந்த ஆளு உள்ள அமுக்கட்டும், மணி அடிக்கக் கூடாது. இவர் வெளிய அடிக்கல அடிக்கலன்னு கத்தட்டும், ஒருத்தரும் நம்பக் கூடாது. ரெண்டும் நடந்துச்சு. வயிறு குளிர்ந்துச்சு மேடம்.”

இன்ஸ்பெக்டருக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வராததற்காகத் தன்மேல்தான் வந்தது.

“இதையெல்லாம் எழுதித் தந்தா கையெழுத்துப் போடுவீங்களா?”

“போடறேன். இல்லன்னா நம்பரை யாரு மாத்தினாங்கன்னு உங்களால காட்ட முடியாது. காலையில இவரைத்தான் கோர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவீங்க. இன்னிக்கு மணி அடிக்கலைன்னு நான் சொல்றேன். அன்னிக்கு அடிச்சுதுன்னு மொதல்ல இவர் சொல்லட்டும்.”

“வாயைத் தொறந்தே, தொலைச்சிடுவேன்!” என்று மாப்பிள்ளை ஆந்தையிடம் பாய்ந்தார். “கம்பெனி பேரு நாறிடும்!”

“நீங்க சும்மா இருங்க. இல்லன்னா மூணாம் ரூம்ல உக்கார வச்சு விசாரிப்பேன்” என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆந்தைக்கு இரண்டு பக்கமும் சிறைதான். பேசாவிட்டால் செய்யாத கொலைக்கு. பேசினால் செய்ததற்கு. விலங்கிட்ட கைகளைத் தூக்கி முகத்தைத் துடைத்தார்.

“அடிச்சுது” என்றார். “பசங்க விளையாட்டுக்கு அமுக்கறாங்க, அணைச்சுட்டு வேலையைப் பாருன்னு முதலாளி சொன்னார். நான்தான் சுவிட்சை அணைச்சேன்.”

டீச்சர் அவர் எதிரில் போய் நின்றார். “அதோட நின்னுடுச்சா?”

“இல்லம்மா. சத்தம்தான் நின்னுது. மணிக்கு மேல இருக்கற சின்ன லைட்டு மட்டும் விட்டு விட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சாயந்திரம் வரைக்கும்.”

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பிக் கை நீட்டிப் பேனாவைக் கேட்டார்.